அம்பு ஒட்டாத நாட்கள்

என் மாமியார் முப்பத்தொரு வருடம் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கராக இருந்தவர். தைத்து முடித்த சட்டைகளை வெள்ளை மேஜையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் எங்கே கோணியிருக்கிறது, நூல் எங்கே தொங்குகிறது, எந்தப் பொத்தான் மற்றதைவிட மயிரிழை இறங்கி நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சுண்டுவிரல் நக அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அத்தை யாரையும் கேட்காமல் நாலு சுருள் அம்பு ஸ்டிக்கரையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கடிகாரம் பிரிக்கப்படாமல் அலமாரிக்குள் போனது. ஸ்டிக்கர் மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டது.

தூசி படிந்த மின்விசிறிக்கு ஓர் அம்பு. அடிப்பிடித்ததைச் சரியாகத் தேய்க்காத பாத்திரத்துக்கு ஓர் அம்பு. என் கணவர் மூடாமல் விட்ட பற்பசைக்கு ஓர் அம்பு. அவர் லிஃப்ட் மெக்கானிக், ஊரெல்லாம் கதவு மூடுகிறதா என்று பார்ப்பவர், வீட்டில் ஒரு மூடியைத் திருக மாட்டார். ஒருநாள் நான் வேலைக்குப் போய் இருபது பேருக்கு ரத்தம் எடுத்த பிறகுதான், கையை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், என் கோட்டின் பின்பக்கம் ஏதோ ஒட்டியிருக்கிறது என்றார். காலர் மடங்கியிருந்ததற்கான அம்பு அது. வாயால் சொல்லியிருக்கலாம். வாயாலும் சொல்வார், அது தனி.

நான் ஒரு நடுத்தரமான ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன். கல்யாணமாகிப் பதினாலு வருடம். இந்தப் பதினாலு வருடத்தில் அத்தையிடமிருந்து மருந்துக்குக்கூட ஒரு பாராட்டு வாங்கியதில்லை. அதிகபட்சம், "சரி, போகட்டும்." அந்த வார்த்தை கிடைத்த நாட்களில் நான் பதவி உயர்வு கிடைத்தவள்போல நடந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஓர் இடத்தில் அவர் அம்பு ஒட்டியதே கிடையாது. உறவுக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். அத்தை அவள் மடியைப் பார்த்து, "உன் கைப்பையில ஜிப்பு பிஞ்சிருக்கு, முதல்ல அதப் பாரு" என்றார். சொன்ன குரலில் அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். அதற்காகவே அவருடைய ஆயிரம் அம்புகளையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டேன் என்பது கொஞ்சம் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த அம்புகள் ஒரு கட்டத்தில் குறைய ஆரம்பித்தன. முதலில் யாரும் கவனிக்கவில்லை. வலிக்கிற பல் வலிக்காமல் இருக்கும்போது யார் அதை நினைக்கிறார்கள்? மின்விசிறியில் தூசி படிந்தது, அம்பு வரவில்லை. பாத்திரம் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது, அம்பு வரவில்லை. என் கோட்டுப் பையின் ஓரம் கிழிந்து, நானே அவசரத்தில் வீட்டு மெஷினில் ஓட்டித் தைத்தேன். பை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அத்தைக்கு முன்னால் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பெட்டிப் பாம்பாய் அடங்கிவிட்டார் என்று நான் என் கணவரிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். வயசாகிறது, எல்லாரும் ஒருநாள் அடங்கத்தானே வேண்டும் என்றார் அவர். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் ரசித்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது படி ஏறுகையில் காலரைத் தடவிப் பார்த்துக்கொள்வேன், அந்தப் பழக்கம் விட்டுப்போனதை ரசித்தேன். இதை மறைத்து இனி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்த மாதங்களில் நடந்த மற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன், வெளியாள் ஒருவர் சொல்லியிருந்தால் நான் பாதியிலேயே கண்டுபிடித்திருப்பேன். அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய பாட்டில், அது காலியானால் இன்னொன்று. குடித்ததற்கு ஏற்றபடி பாத்ரூமுக்கு நடந்தார். சர்க்கரையாக இருக்குமோ என்று விரல் நுனியில் குத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது, நிம்மதியாகிவிட்டேன். மலச்சிக்கல் வேறு, நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றார். இடுப்பும் முதுகும் வலித்தன. என் கணவர் மருந்துக் கடையில் கேட்டு, எலும்புக்கு நல்லது என்று கால்சியம் மாத்திரை வாங்கி வந்து தினம் இரண்டு கொடுத்தார். பகலெல்லாம் தூங்கினார். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டிலேயே அவருக்கு ரத்தம் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். நரம்பு கிடைக்கவில்லை. கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, தட்டித் தட்டித் தேடினேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பட்டை இருக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு மூன்று நிமிடம் இருந்திருக்கும். மறுநாள் எங்கள் கூடத்து மெஷினில் போட்டேன். மற்றதெல்லாம் ஏறக்குறைய சரி. கால்சியம் மட்டும் பதினொன்று புள்ளி நாலு. பத்தரைக்குள் இருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில், கூடியிருக்கிறது என்று காட்ட, மெஷின் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டிருந்தது.

இந்த அம்பைப் பற்றி எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் ஒன்று தெரியும். பட்டையை நேரம் கழித்து அவிழ்த்தால் கையில் தேங்கிய ரத்தம் கெட்டியாகும். ஆல்புமின் என்று ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு, கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதன் முதுகில்தான் சவாரி செய்கிறது. புரதம் கூடினால் கால்சியமும் கூடினதுபோலத் தெரியும். அதனால் கால்சியம் அதிகம் வந்தால், பட்டை கட்டாமல் இன்னொருமுறை ரத்தம் எடு என்று நாங்கள் சொல்வோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லித் தந்திருக்கிறேன். பட்டைதான் காரணம் என்றேன் எனக்கு நானே. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பட்டை காரணமென்றால் ஆல்புமினும் கூடியிருக்க வேண்டும். அதே குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தில் அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. பட்டையால் அரைப் புள்ளி கூடும், ஒரு முழுப் புள்ளி கூடாது, அதுவும் எனக்குத் தெரியும். மறுபடி ரத்தம் எடுக்கவும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு இப்படி வந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன், தேடிப்பிடித்துப் போன் செய்து வரவழைத்திருப்பேன். இவருக்கு ஏன் செய்யவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். மறுபடி ஊசி என்றால் மறுபடி சண்டை, அது ஒன்று. இன்னொன்று, வீட்டில் இருந்த அந்த அமைதிக்கு ஒரு நோயின் பெயர் வந்துவிடும் என்று எனக்குள் எங்கோ பயம் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் அத்தை கட்டிலில் உட்கார்ந்து, ஷிஃப்ட் மணி அடித்துவிட்டதா என்று கேட்டார். வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. எழுந்து நிற்கக் கால் ஒத்துழைக்கவில்லை. என் கணவரைப் பார்த்து, சூப்பர்வைசர் எங்கே என்றார். அவர் விளையாட்டாகப் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். எடை இல்லை என்று படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். ரத்தத்தை நானே மெஷினில் போட்டேன். கால்சியம் பதினாலு புள்ளி எட்டு. இந்தமுறை ஆல்புமினையும் பார்த்தேன். நாலு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி ஆறு இருந்தது. புரதம் குறைவாக இருந்தால் கால்சியம் உண்மையில் அந்த எண்ணைவிட அதிகம், கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினேன். ஏறக்குறைய பதினாறு. அன்றைக்குப் பட்டையைச் சாக்காக வைத்து எதை மனதுக்குள் கழித்தேனோ, அதைக் கூட்டியிருக்க வேண்டும்.

உடை மாற்றும்போது நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். இடது மார்பில் ஒரு கட்டி, மேலே புண்ணாகி உடைந்திருந்தது. அது நேற்று வந்ததல்ல, ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். உள்ளாடையின் அந்தப் பக்கத்தில், வெளியே கறை தெரியாமலிருக்க, மெத்தென்ற துணி மடிப்பு ஒன்றை வைத்துத் தைத்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அவருடைய எல்லா உள்ளாடையிலும் அது இருந்தது. பொடிப்பொடியாக, அளவெடுத்ததுபோல, ஒரு நூல் விலகாத தையல். தொழிற்சாலையில் சிலர் தப்பான சட்டையைக் கட்டின் அடியில் தள்ளி மறைப்பார்கள் என்று அத்தை கோபமாகச் சொல்வார். அந்தக் கோபக்காரர்தான் இதைச் செய்திருக்கிறார்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். தாகம், மலச்சிக்கல், குமட்டல், தூக்கம், வலி, இப்போது குழப்பம் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மார்பில் வந்த புற்றுநோய் எலும்பில் இறங்கி எலும்பைக் கரைக்கிறது, கரைந்த கால்சியம் ரத்தத்தில் சேர்கிறது, அதுதான் இத்தனைக்கும் காரணம் என்றாள். பிறகு, இதற்கு முன்னால் எப்போதாவது கால்சியம் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"பாத்தேன். பதினொன்னு புள்ளி நாலு. பட்டைய ரொம்ப நேரம் கட்டிட்டேன்னு விட்டுட்டேன்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அப்போதே தெரிந்திருந்தாலும் நோய் போயிருக்காது, கொடுத்த கால்சியம் மாத்திரையாலும் பெரிதாக ஒன்றும் கூடியிருக்காது என்று மெதுவாகச் சொன்னாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அதனால்தானோ என்னவோ, உண்மையையும் சொல்லிவிட்டாள்.

"ஆனா அந்த அஞ்சு வாரம் அவங்க தெளிவா இருந்திருப்பாங்க."

வராந்தாவில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுகத் திருகினார். நீ என்ன பண்ணுவே என்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் இடத்தில் அத்தை இருந்திருந்தால் திட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

நரம்பு வழியாக உப்பு நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. கால்சியத்தை எலும்புக்குள் பிடித்துவைக்கிற ஊசி ஒன்று போட்டார்கள், வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். நாலாம் நாள் காலை நான் போனபோது அத்தை கண் விழித்து, ஊசிக்குழாய்மேல் நர்ஸ் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடி இத ஒட்டினது? கோணலா இருக்கு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பதினாலு வருடம் எந்தக் குரலுக்குப் பயந்து காலரைத் தடவிப் பார்த்தேனோ அதே குரல். என் கணவர் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார். அவள் ஒன்றும் புரியாமல் பிளாஸ்திரியைப் பிரித்து நேராக ஒட்டினாள். அத்தை என்னைப் பார்த்து, முகத்தைக் கழுவு, வேலை செய்கிற இடத்தில் இப்படியா நிற்பாய் என்றார்.

டாக்டரம்மா அத்தையிடமே எல்லாவற்றையும் சொன்னாள், தெளிவாக இருக்கும்போது சொல்வதுதான் நியாயம் என்று. நோய் எலும்பிலும் கல்லீரலிலும் இருக்கிறது, இனி குணமாகாது. கால்சியம் மறுபடி ஏறும். ஊசி போட்டால் மூன்று நாலு வாரம் தாங்கும், அடுத்தமுறை அதைவிடக் குறைவு. ஏதோ ஒரு கட்டத்தில் வேண்டாம் என்று விடுகிறவர்களும் உண்டு, அப்போது தூக்கம் கூடிக்கொண்டே போகும், வலிக்கு மருந்து தருவோம். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒரு பீஸ எத்தன தடவ பிரிச்சுத் தைக்கலாம்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் கடைசியில்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இரண்டு தடவை. மூன்றாவது தடவை பிரித்தால் ஊசி குத்திய இடமெல்லாம் துணி கிழியும், கழிவில் போட வேண்டியதுதான். சாப்பிடும்போது எத்தனையோமுறை சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தோம். வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கையும் நீலம் பாரித்து, நரம்பெல்லாம் உள்ளே ஓடிவிட்டது. குத்தினாலும் ரத்தம் வரவில்லை. இந்தமுறை தவற விடக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு. எண் ஏறுவதற்கு முன்னால் ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான், அத்தை அம்பு ஒட்டாமல் விட்ட அந்தக் கோட்டுப் பை ஞாபகம் வந்தது. எந்த மெஷினும் சொல்வதற்கு முன்னால் அது எனக்குச் சொல்லியிருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு தலையணை உறை தைத்தேன், வேண்டுமென்றே கோணலாக. காலையில் டீயோடு கொண்டுபோய்க் கொடுத்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றேன். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கேட்டார். ஸ்டிக்கர் சுருளைக் கேட்டார். ஏழு அம்பு ஒட்டினார். ஏழையும் எண்ணி, சமையலறையில் மாட்டியிருந்த நாள்காட்டியில் அன்றைய தேதிக்குக் கீழே சின்னதாக எழுதினேன். அதிலிருந்து தினம் ஒன்று. உறை, கைக்குட்டை, துண்டின் ஓரம். ஏழு, ஆறு, எட்டு. ஒருநாள் என் கணவரின் வேலைச் சட்டையில் பொத்தான் தைத்துக் கொடுத்தேன், அதற்கு மட்டும் மூன்று. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாயா என்றார் அத்தை. அன்றைக்கு நான் பாடிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

பத்தொன்பதாம் நாள் இரண்டு அம்புதான். அன்றைக்கே கூட்டிப்போனேன். கால்சியம் பன்னிரண்டு, புரதக் குறைவுக்குக் கூட்டிப் பார்த்தால் பதின்மூன்றுக்கு மேல். ஆள் நடந்து வருகிறார், பேசுகிறார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். துணியைப் பார்த்து என்றேன். மறுபடி உப்பு நீர், மறுபடி ஊசி. மூன்றாம் நாள் பிளாஸ்திரியைக் குறை சொன்னார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருமுறை விட்டதை ஒருமுறை பிடித்துவிட்டேன், கணக்கு நேராகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலை. என் கணவர் எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஓடியிருந்தார். நான் ஒரு துண்டைக் கொடுத்தேன். அத்தை அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"தினம் நீ கொண்டுவர்றது டெஸ்ட்டுன்னு எனக்குத் தெரியாதா? இவ்ளோ கேவலமா தைக்க உனக்கே வராது."

பிடிபட்ட பிறகு மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாள்காட்டியை, எண்ணிக்கையை, கோட்டுப் பையை. ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. பதினொன்று புள்ளி நாலையும் பட்டையையும் சொன்னேன். வீடு அமைதியாக இருந்தது பிடித்திருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும்," என்றார் அத்தை. "அந்தக் காகிதத்த உன் பையில பாத்தேன். நம்பருக்குப் பக்கத்துல அம்பு போட்டிருந்துச்சு. நீ கேப்பேன்னு ரெண்டு நாள் பாத்தேன். கேக்கல. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. ரெண்டு செக்கரும் சேந்துதான பாஸ் பண்ணோம், நீ மட்டும் ஏன் அழுவுற?"

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். பிரித்துக் காட்டினால் திருப்பித் தைக்கச் சொல்வார்கள், அது எங்கே போய் முடியும் என்று தெரியும், தொழிற்சாலையில் என் மேஜைக்கு எதிரே இருந்த இரண்டு பேர் அதே வலியில் போனதைப் பார்த்திருக்கிறேன் என்றார். பயமாக இருந்தது என்றார் கடைசியில். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

பிறகு துண்டை எடுத்து விரித்தார். ஒவ்வொன்றாக ஐந்து அம்பு ஒட்டினார். ஒட்டிக்கொண்டே, ஸ்டிக்கரைப் பார்த்துப் பேசுகிறவர்போலச் சொன்னார்.

"ரெண்டு தடவ பிரிச்சாச்சு. போதும். என்னைக்கு நான் இதப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்றேனோ, அன்னைக்கு விட்டுடு. ஆஸ்பத்திரி வேணாம், ஊசி வேணாம். அவன்கிட்ட அந்த நேரத்துல சொல்லாத. நின்ன லிஃப்ட்ட ஓட்டாம அவனுக்குத் தூக்கம் வராது."

நான் ஸ்டிக்கர் உரித்த காகிதத்தைப் பொறுக்கிக் கையில் சுருட்டினேன். அவர் துண்டை என்னிடம் நீட்டி, நாளைக்கு வேறு ஏதாவது தை, துண்டு சலித்துவிட்டது என்றார்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் வீட்டுக்கே வந்து, நினைவோடு சொன்னதுதானா என்று அத்தையிடம் கேட்டாள், கோப்பில் எழுதிக்கொண்டாள், வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து தந்தாள். அது அவர் முடிவு, நீங்கள் அதன்படி இருந்தால் போதும் என்றாள். போதும் என்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு யார் சொல்வது.

ஐந்து. ஐந்து. நாலு. தையலை இன்னும் கோணலாக்கினேன், குருடர் தடவினாலே தெரிகிற அளவுக்கு. நாலு. மூன்று. தண்ணீர் பாட்டில் மறுபடி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. பாட்டிலைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். மூன்று. இரண்டு. நாள்காட்டியில் எழுதுவதை நிறுத்திவிட்டேன், ஆனால் எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு தலையணை உறை. தையல் பாதி வழியில் ஓரத்தை விட்டு இறங்கி, துணியின் நடுவே ஓடி, மறுபடி மேலே ஏறியிருந்தது. அதைத் தைத்தபோதே நான் வேண்டிக்கொண்டேன், யாரிடம் என்று தெரியவில்லை. அத்தை அதை வாங்கி மடியில் விரித்தார். மூக்குக்கண்ணாடி கேட்கவில்லை. ஸ்டிக்கர் சுருள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. கட்டை விரலால் தையலின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவாகத் தடவினார். கோணின இடத்தில் விரலும் கோணிப் போனது.

"நல்லா இருக்கு," என்றார். "கை திருந்திடுச்சு உனக்கு."

என் ஆஸ்பத்திரிப் பை வாசல் பக்கம் இருந்தது. அதில் பட்டை, ஊசி, குழாய் எல்லாம் இருந்தன. போய்த் திறந்தேன். இன்றைக்கே போனால் மூன்று நாளில் பிளாஸ்திரி கோணல் என்பார், என்னைத் திட்டுவார், ஒரு பத்து நாள் இருப்பார். இந்தமுறை சரியாகக் கண்டுபிடித்திருக்கிறேன். எந்த மெஷினுக்கும் முன்னால் கண்டுபிடித்திருக்கிறேன். பட்டையைக் கையில் எடுத்து, விரலில் சுற்றி, அவிழ்த்து, திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

என் கணவர் ஷூ மாட்டிக்கொண்டு நின்றவர், அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டார்.

"நல்லா இருக்குன்னாங்க."

"அம்மாவா? உன்னையா?"

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பல மாதமாகப் பார்க்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, மடியில் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊசி நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆளே மாறிவிட்டார், பார்த்தாயா என்றார். நான் தலையாட்டினேன். படியில் இறங்கும்போதே அவர் தங்கைக்குப் போன் போட்டு, அம்மா இன்றைக்கு அண்ணியைப் பாராட்டிவிட்டார், பதினாலு வருடத்தில் முதல் தடவை என்று சொல்லிச் சிரிப்பது கீழ்த்தளம் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனது.

அத்தை தண்ணீர் கேட்டார். பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.